கள்ளுண்ணாமையின் கடைக்குறள்

திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை மேடைகளிலும் வகுப்பறைகளிலும் பெரும்பாலும் பாதியளவே பயிலப்படுகிறது. பெற்ற தாயும் பொறுக்காத களிப்பைச் சான்றோர் எங்ஙனம் பொறுப்பர் என வினவும் குறளும், கள்ளை நாள்தோறும் உண்பவர் நஞ்சுண்பவரே என்று தீர்ப்புக் கூறும் குறளும் பேச்சாளர்க்குப் பெரிதும் உதவுகின்றன. குரலை உயர்த்திச் சொல்லுதற்கு அவை ஏற்றவை. ஆனால் அவ்வதிகாரத்தின் இறுதியில் நிற்கும் நான்கு குறள்களும் உரத்துப் பேசுவன அல்ல. குடித்தவன் உள்ளத்தருகே சென்று தாழ்ந்த குரலில் பேசுவன. ஆகவே அவற்றை மேடை கைவிட்டது. மேடையைப் பின்பற்றிப் பள்ளியும் கைவிட்டது.

அந்நான்கின் போக்கைச் சிறிது நின்று நோக்கவேண்டும். 927ஆம் குறள் மறைவாகக் குடித்து மயங்குவாரைப் பற்றியது. அவர் மறைத்ததை ஊரார் உய்த்தறிந்து நகுவர் என்கிறது. 928ஆம் குறள், தெளிந்திருக்கும்போது 'யான் குடித்தறியேன்' என்று கூறும் பொய்யைக் கைவிடுமாறு சொல்கிறது. நெஞ்சில் ஒளித்தது குடித்த அப்பொழுதே வெளிப்பட்டுவிடும் என்பது அதற்குக் காரணம். 929ஆம் குறள் அறிவுரை கூறுவாரை நோக்கித் திரும்புகிறது. களித்தவனிடம் காரணங்காட்டித் தெளிவிக்க முயல்வது, நீரினடியில் மூழ்கிப்போனவனைத் தீவிளக்கேற்றித் தேடுவது போன்றது என்கிறது. 930ஆம் குறளோ ஒரு வினாவோடு அதிகாரத்தை முடிக்கிறது. குடிப்பவன் ஒருவன், தான் தெளிந்திருக்கும் வேளையில், குடித்து மயங்கிய வேறொருவனைக் காண்கின்றான். அப்போது தனக்கும் அச்சோர்வுதானே நேர்கிறது என்று எண்ணமாட்டானோ?

நாணம், மறைப்பை விடுதல், பிறர் அறிவுரை பயன்படாமை, தன்னொத்தான் ஒருவனைக் காணல் என்று இந்நான்கும் ஒரு வழியாகச் செல்கின்றன. இவ்வொழுங்கைப் பரிமேலழகர் நன்குணர்ந்தவர். 929க்கு அவர் வரையும் குறிப்பு, களித்தானைத் தெளிவித்தல் இயலாது என்பது. அடுத்த குறளுக்கு அவர் வரையும் குறிப்போ, குடி ஒழிதற்குரிய காரணம் இதனால் கூறப்பட்டது என்பது. கருதல் அளவையால், அஃதாவது கண்டதொன்றைக் கொண்டு காணாததை உய்த்துணரும் வழியால், தன் இழுக்கைத் தானே அறிந்து ஒழிவான் என்பது அவர் விளக்கம். ஒன்பது குறள்களில் குடியின் கேடு சொல்லப்பட்டது. அது நீங்கும் வழி சொல்லப்பட்டது இந்த ஒன்றில்தான். உரையாசிரியரே இவ்வளவு வெளிப்படையாகச் சுட்டியிருக்கவும், பள்ளிக்கூடம் இக்குறளைக் கடந்துபோனது வியப்பே.

குறள்களின் முறைவைப்பு உரைக்கு உரை வேறுபடும் என்பது உண்மை. மணக்குடவர் வரிசை ஒன்று, பரிமேலழகர் வரிசை ஒன்று. ஆகவே வள்ளுவரே இந்நான்கையும் இப்படி அடுக்கினார் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. அடுக்கியவர் எவராயினும், குடியரை நன்கறிந்த ஒருவர் என்பதில் ஐயமில்லை.

கடைக்குறளின் முடிபாகிய 'உள்ளான்கொல்' என்பதில் உரைகள் பிரிகின்றன. கொல் என்னும் இடைச்சொல் ஐயப்பொருளில் வருவது தொல்காப்பிய இடையியல் கற்றோர் அறிந்ததே. பரிமேலழகர் அவ்வையத்தை எதிர்மறைப் பக்கம் சாய்த்து, அவன் நினைப்பதில்லை போலும் என்று பொருள் கொள்கிறார். 1949இல் வெளிவந்த தெளிவுரையில் மு. வரதராசனார் அதனை வினாவாகவே நிறுத்தி, நினைக்கமாட்டானோ என்று கேட்கிறார். ஒருவர் குரலில் உலகியல் அறிந்தவரின் கசப்பு. மற்றவர் குரலில் ஆசிரியருக்குரிய நம்பிக்கை. இவ்விரண்டில் எது பொருந்தும் என்பதை இலக்கணம் தீர்க்க இயலாது. அதற்குக் குடியரின் உலகத்தைத்தான் கேட்கவேண்டும்.

அவ்வுலகம் இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு 1935ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தொடங்குகிறது. பில் வில்சன் என்பவர் நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழில் செய்து குடியால் அழிந்தவர். 1934 டிசம்பரில் மருத்துவமனையில் கிடந்து குடியை விட்டார். விட்ட கையோடு பிற குடியரைத் திருத்தப் புறப்பட்டார். பல மாதம் முயன்றும் ஒருவரும் திருந்தவில்லை. சமயப்பொழிவு செய்வதை நிறுத்துமாறு அவருடைய மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் அறிவுறுத்தினார். தீவிளக்கேற்றி நீருள் தேடும் வேலையைத்தான் அவர் அதுவரை செய்துகொண்டிருந்தார்.

1935 மே மாதத்தில் தொழில் முயற்சி ஒன்று முறிந்து, ஆக்ரன் நகரின் விடுதியொன்றில் அவர் தனித்து நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்து ஆரவாரம் கேட்டது. மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் இருந்தன. அவர் தொலைபேசியை எடுத்தார். தமக்கு அறிவுரை கூறும் பாதிரியார் ஒருவரை அவர் நாடவில்லை. தாம் பேசுதற்கு வேறொரு குடியர் வேண்டும் என்றே கேட்டார். பலர் வழியாக அவருக்குக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். மே 12ஆம் நாள் இருவரும் சந்தித்தனர். கால்மணி நேரத்தில் எழுந்துவிடுவேன் என்று வந்த மருத்துவர் ஆறு மணி நேரத்துக்குமேல் அமர்ந்திருந்தார். குடியின் தீமையைப் பற்றி ஒரு மருத்துவருக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அனுபவத்தால் அறிந்து தம்மோடு பேசிய முதல் மனிதரை அன்றுதான் அவர் கண்டார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகிய ஜூன் 10, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. 1957இல் அது இந்தியாவிலும் காலூன்றியது.

இங்கே ஒரு நுண்மையைக் கவனிக்கவேண்டும். குறளில் வருபவன் காண்கின்றான். ஆக்ரனில் அமர்ந்தவர் கேட்டார். குறளில் காணப்படுபவன் மயங்கிக் கிடப்பவன். ஆக்ரனில் பேசியவர் தெளிந்தவர். இவ்விரு வேறுபாடுகளும் சிறியன அல்ல. பினாங்கு ஜார்ஜ்டவுனின் கடைவீதிகளில் அஞ்சடிகளைக் கடந்து செல்லும் குடியர் ஒருவர், சம்சு குடித்துத் தூணோரம் சாய்ந்து கிடப்பவனைக் காண்கிறார் என்று கொள்வோம். அவர் உள்ளத்தில் எழுவது என்ன? 'என் நிலையும் இதுவே' என்பது பெரும்பாலும் எழுவதில்லை. 'நான் இவன் அளவுக்கு இல்லை, வேலைக்குப் போகிறேன், வீட்டுக்குப் பணம் கொடுக்கிறேன்' என்பதே எழுகிறது. கீழே கிடப்பவன் அவருக்குக் கண்ணாடி ஆவதில்லை, அளவுகோல் ஆகிவிடுகிறான். அக்கோலால் அளந்து பார்த்துத் தாம் இன்னும் உயரத்தில் நிற்பதாக அவர் ஆறுதல் கொள்கிறார். இந்த வகையில் பரிமேலழகரின் ஐயம் முற்றிலும் மெய்யே. கருதல் அளவை, தன்னைக் காக்கத் துடிக்கும் மனத்திடம் தோற்றுப்போகிறது.

ஆனால் கிடப்பவனுக்கு மாறாக, வெள்ளைச் சட்டை அணிந்து நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்த ஒருவர், 'சம்பள நாளன்று பிள்ளையின் புத்தகப் பணத்தை எடுத்துக்கொண்டு போனேன்; திருடியது யார் என்று வீட்டில் நானே சேர்ந்து தேடினேன்' என்று கூறினால், கேட்பவர்க்கு அளவுகோல் இல்லை. கூறுபவர் கேட்பவரைவிடத் தாழ்ந்தவராக இன்று தோன்றவில்லை. அவர் செய்தது மட்டும் தாம் செய்ததாக இருக்கிறது. கடைக்குறள் நாடிய உணர்வு இங்கே பிறக்க இடமுண்டு. மு. வ. வினாவாக விட்டதற்கு இது ஒரு விடை.

பினாங்கிலும் இத்தகைய கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றின் அமைப்பில் காண்பதற்கு ஒன்றுமில்லை. வட்டமாகச் சில நாற்காலிகள், தேநீர், ஒருவர்பின் ஒருவராகப் பேச்சு. பேசுபவரை யாரும் இடைமறிப்பதில்லை. பேசியபின் யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. பேச விருப்பமில்லாதவர் பேசாதிருக்கலாம். கட்டணம் இல்லை, செலவுக்கு இயன்றவர் இயன்றதைப் போடுவர். குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே சேர்வதற்குரிய தகுதி. முழுப்பெயர் கேட்கப்படுவதில்லை. மதுவிலக்குச் சட்டம் நல்லதா தீயதா என்பது போன்ற பொதுவழக்குகளில் அமைப்பு வாய்திறப்பதில்லை. இவ்விதிகளில் முதன்மையானவை 1950இல் கிளீவ்லாந்து நகரில் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளில் அடங்கியுள்ளன.

கண்டுபிடித்துச் செல்வதுதான் கடினம். பெயரை மறைத்து இயங்கும் ஒன்றை ஊர் அறிவிப்பது எப்படி? கடையிருப்பது தெருவில் எல்லார்க்கும் தெரியும்; கூட்டம் இருப்பது தேடுபவர்க்கே தெரியும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டோ, தொலைபேசியில் ஒரு முன்பின் அறியாத குரலிடம் பேசியோ அறிந்துகொண்டவர், குறித்த வேளைக்கு வாயில்வரை வந்து திரும்பிப் போவதும் உண்டு. தமிழருக்கு இன்னும் சில தடைகள். ஜார்ஜ்டவுன் சிறிய ஊர். ராணி வீதி மாரியம்மன் கோவிலில் காலையில் கண்ட முகத்தை மாலையில் கூட்டத்தில் காண நேருமோ என்னும் அச்சம், குறள் சொன்ன ஊரார் நகைப்பின் அச்சமே. தமிழ் முசுலிம்களுக்கோ அது சமயம் விலக்கியதைச் செய்த நாணமும் சேர்ந்து இரட்டிப்பாகும். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தால், தோட்டத்திலும் துறைமுகத்திலும் வாழ்ந்து தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் பன்னிரண்டு படிகளில் எந்தப் படியில் நிற்பார்? ஆங்கிலத்தில் தம் குற்றத்தைச் சொல்லத் தெரிந்தவர்க்கும் அது பிறர் குற்றம்போல் ஒலிக்கும். வாழ்ந்த மொழியில் சொன்னால்தான் தொண்டை அடைக்கும்.

மொழி பற்றிய இந்தச் செய்தியை மணிமேகலை அறிந்திருந்தது என்பது மகிழ்ச்சி தருவது. அக்காப்பியத்தில் குடியர் இருமுறை வருகின்றனர். மலர்வனம் புக்க காதையில் வருபவன், உண்ணாநோன்பு பூண்ட சமணத் துறவி ஒருவரை மறித்து, தென்னங்கள்ளில் கொலைப்பாவம் ஏதுமில்லையே, குடித்துப்பாரும் என்று மன்றாடுகிறான். ஊரார் அவன் பின்னே கூடிநின்று வேடிக்கை பார்க்கின்றனர். சாத்தனார் அவனுக்கு இட்ட பெயர் களிமகன். அவன் யார், அவன் மனைவி யார், நாளை அவன் என்ன செய்வான் என்பன காப்பியத்துக்கு வேண்டியதில்லை. அவன் தெருக்காட்சி.

ஆதிரை பிச்சையிட்ட காதையில் வருவதோ வேறு. கணிகையிடமும் சூதிலும் பொருளனைத்தும் தோற்ற சாதுவன், கலம் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். நாகர் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் அளிக்கச் சொல்ல, அவன் மறுக்கிறான். மறுத்தவனோடு தலைவன் பேசுகிறான், காரணம் கேட்கிறான், சிரிக்கவும் செய்கிறான். சாதுவன் நாகர் மொழியைக் கற்றவன் என்பதைச் சாத்தனார் மறவாது சொல்லிவைத்தார். கெட்டழிந்து மீண்ட ஒருவன், குடிப்பவனிடம் குடிப்பவன் மொழியிலேயே பேசுகிறான் என்பது இக்காட்சியின் உயிர். பௌத்த அறத்தை விளக்கும் பகுதியாக மட்டும் இதனைப் படிப்போர் அவ்வுயிரை இழக்கின்றனர்.

தலைவன் கூறும் மறுமொழி இன்னும் அரியது. கள்ளையும் ஊனையும் கைவிட்டால் எம் உடம்பில் உயிர் தங்காது. எம்மால் இயலக்கூடிய அறம் எதுவோ அதைச் சொல் என்கிறான். இயலாமையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன குடியர் தமிழிலக்கியத்தில் மிகச் சிலரே. பன்னிரண்டு படிகளில் முதற்படியும் இயலாமையை ஒப்புக்கொள்வதே. அன்றியும் அவன் கூற்றில் மருத்துவ உண்மையும் உண்டு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். உயிருக்கே இடர் நேரலாம். அத்தகையோர் கூட்டத்துக்குப் போகுமுன் மருத்துவரிடம் போகவேண்டியவர். சாதுவன் அவனுக்கு இயன்ற அறங்களைக் கூறினான். கரை ஒதுங்கியவரைக் கொல்லாதிருக்கவும், மூத்து இறக்கும் விலங்கையன்றிப் பிறவற்றை விடவும் சொன்னான். கள்ளைப் பற்றி அதன்பின் வற்புறுத்தவில்லை. தூய்மை விரும்புவோர் இதனைக் குறையென்பர். குடியரோடு பழகிய மருத்துவர் அவ்வாறு சொல்ல அஞ்சுவர்.

பெயர் வழக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. சாத்தனார் களிமகன் என்றார். அது இன்னான் இத்தகையன் என்று முத்திரை குத்தும் பெயர். வள்ளுவரோ களித்தான், உண்பவர், கண்சாய்பவர் என்று வினையாலணையும் பெயர்களையே ஆள்கிறார். செயலைச் செய்தவன் எனவே, செயல் நின்றால் பெயரும் நிற்கும். இக்காலத்து மருத்துவர் குடிநோயாளி என்கின்றனர். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை போன்றவற்றின் தொண்டால் இது நோய் என்னும் கருத்து தமிழரிடையே பரவியது. கூட்டத்தில் அமர்வோர் இருபதாண்டுகள் தொடாதிருந்தும் 'நான் ஒரு குடிநோயாளி' என்றே நிகழ்காலத்தில் சொல்வர். வள்ளுவர் இலக்கணத்துக்கு இது மாறானது. எனினும் பிறன் குத்தும் முத்திரைக்கும் ஒருவன் தானே சூடிக்கொள்ளும் பெயருக்கும் வேறுபாடு உண்டன்றோ? 'அனானிமஸ்' என்பதற்குப் பெயரிலார் என்றும் அநாமதேயர் என்றும் மொழிபெயர்ப்போர் உளர். பின்னது அடையாளம் தெரியாத பிணத்தின் நினைவைக் கொணர்வதால் முன்னதே நன்று.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து குடியை எங்ஙனம் கையாண்டது என்பது தனி நூலுக்குரிய பொருள். 1929இல் இராசாசி திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' இதழை நடத்தினார். கல்கி அதில் துணைநின்றார். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அவ்வெழுச்சியில் பிறந்த பிரசாரக் கதைகளின் நோக்கம் உயர்ந்தது, அமைப்பு ஒன்றே. கணவன் குடிக்கிறான், மனைவி அழுகிறாள், குழந்தை நோயுறுகிறது, இறுதிப் பத்தியில் கணவன் கண்ணீர் விட்டு ஆணையிடுகிறான். கதை முடிந்துவிடுகிறது. ஆணையிட்ட மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவன் எங்கே போவான் என்று அக்கதைகள் கேட்டதில்லை. குடியை விட்டவனுக்குக் கதை தொடங்குவதே அந்த மாலையில்தான்.

மலாயாவில் நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்த நாடு அது. 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு உயிரும் போயிற்று. பினாங்குக்கு எதிர்க்கரையில் நிகழ்ந்த அவ்வீரம் போற்றற்குரியது. ஆயின் கடையை மறிக்கலாம். தாகத்தை மறிப்பதற்கு ஆள் எங்கே? கள்ளின் இடத்துக்குச் சம்சு வந்தது. எஸ். எம். முகம்மது இத்ரீஸ் 2019இல் மறையும்வரை தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் மலிவு மதுவுக்கு எதிராகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தது. நச்சுச் சாராயச் சாவுகளை ம. நவீன் 2019இல் வெளியிட்ட 'பேய்ச்சி' நாவல் கெடாவின் லூனாஸ் மண்ணில் வைத்து எழுதியது. 2020 டிசம்பரில் மலேசிய அரசு அந்நாவலைத் தடைசெய்தது. குடித்துச் சாவோரை எழுதத் தமிழுக்கு ஆற்றல் வந்துவிட்டது. குடியை விட்டு வாழ்வோரை, அவர்களுடைய சலிப்பும் சிறுசிறு வெற்றியும் நிறைந்த நாட்களை எழுதும் நாவல் வரவேண்டியிருக்கிறது.

கூட்டங்கள் எல்லார்க்கும் பயன்படுவதில்லை. வந்து விலகுவோர் பலர். ஆயினும் 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை ஒப்புநோக்கி, தொடர்ந்து குடியாதிருத்தலில் இவ்வமைப்போடு இணைக்கும் முறை பிற சிகிச்சைகளினும் குறைந்ததன்று, பலவற்றில் மேம்பட்டது என்று கண்டது. குடும்பத்தார்க்கென 1951இல் தொடங்கிய அலனான் என்னும் தனிக்கூட்டமும் உண்டு. தாய் முகத்தைப் பற்றிப் பேசிய குறளுக்குப் பின் அந்தத் தாய்க்கு ஓர் இருக்கை அங்கேதான் கிடைத்தது.

மருந்து அதிகாரம் கள்ளுண்ணாமைக்கு இரண்டு அதிகாரம் தள்ளி நிற்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்து அது முடிகிறது. ஆக்ரனில் அன்று மாலை இருந்தவர் இருவரே. நான்கு பங்கையும் அவ்விருவரே மாறிமாறி ஏற்றனர். கள்ளுண்ணாமையை நட்பியலில் அடக்கிப் பதிப்பிக்கும் வழக்கம் பல பதிப்புகளில் இருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பொருந்தியிருக்கிறது.

இனி வகுப்பறை. பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் முப்பது பிள்ளைகள் அமர்ந்திருந்தால், முந்திய இரவு தந்தை வந்த கோலத்தைக் கண்ட பிள்ளை ஒன்றேனும் அங்கே இருக்கக்கூடும். நஞ்சுண்பவர் என்னும் குறளை ஆசிரியர் முழங்கும்போது அப்பிள்ளை தலைகுனியும். அக்குனிவை மற்றப் பிள்ளைகள் காண்பர். 927இல் சொல்லப்பட்ட ஊரார் நகைப்பு, குற்றமற்ற ஒருவன்மேல் அங்கேயே விழும். கடைக்குறளை எடுத்துக்கொண்டால் அது நேராது. அங்கே இருவர் இருக்கின்றனர், ஒருவரை ஒருவர் காண்கின்றனர், ஒரு வினா நிற்கிறது. நினைப்பானா, மாட்டானா? பிள்ளைகள் இருகட்சியாகப் பிரிந்து வாதிடலாம். பரிமேலழகர் ஒரு பக்கம், மு. வ. ஒரு பக்கம். பொழிப்புரையை முடிவாக எழுதச்சொல்லாமல் வினாவாகவே எழுதச்சொல்லும் துணிவு ஆசிரியர்க்கு வேண்டும். அதற்குத் தேர்வுத்தாளில் எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்பது வேறு வழக்கு.